காற்று இழுக்கிற இடம்

சுரங்கப்பாதைக்கு முன்னால் லாரி வரிசை நின்றதும் வண்டி மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஸ்டியரிங், பிறகு கதவுகள், அப்புறம் ஹிலோலாவின் தாடை. குளிர்காய்ச்சல்காரனைப் போல நாலு உதறு உதறிவிட்டு இஞ்சின் அணைந்தது. பஹ்ரோம் சாவியைத் திருகினான். பேட்டரி ஈனஸ்வரத்தில் முனகியது. இன்னொரு திருகலில் எப்படியோ பிடித்துக்கொண்டது. வரிசை பத்தடி நகர்ந்து நின்றது. வண்டியும் செத்தது.

"ஏங்க..."

"இரு ஹிலோலா."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க. அங்க அப்பாவைத் தூக்கிடுவாங்க."

பஹ்ரோம் மறுபடி சாவியைத் திருகி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெண்டாட்டி கத்துவது அவனுக்குக் கேட்காது. இரும்புக்குள் யாரோ இருமினால் மட்டும் கேட்கும்.

விடிகாலையில் கோகந்திலிருந்து அண்ணன் ஷவ்கத் போன் செய்திருந்தான். தொழுகைக்கு எழுந்த அப்பா எர்காஷ், முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான். மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அவர்கள் பக்கத்தில் உடம்பை இரவு வைத்திருப்பதில்லை, பெண்கள் மயானத்துக்குப் போவதும் இல்லை. பாடை வாசலைத் தாண்டும்முன் வந்து சேர்ந்த மகளுக்குத்தான் அப்பாவின் முகம். அதற்குப் பிறகு வருகிறவளுக்கு வெறும் வீடு.

தாஷ்கந்தில் கிளம்பும்போதே அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். பகிர்ந்து போகிற வாடகை வண்டியில் ஏறினால் மதியத்துக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம் என்றாள்.

"மாமனார் சாவுக்கு வாடகை வண்டியில போய் இறங்கினா, உங்க தெருக்காரங்க என்ன சும்மாவா விடுவாங்க?" என்றான் பஹ்ரோம்.

அவனுக்குக் கடவுளைவிட அந்தத் தெருக்காரர்களிடம்தான் பயம் அதிகம். பெருநாளுக்குப் பெருநாள் இந்த வண்டியில் அவர்கள் போய் இறங்கும்போது, மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், "என்னடா பூகம்பமோன்னு பயந்துட்டோம், நம்ம மாப்பிள்ளைதான்" என்பார்கள். பஹ்ரோமின் காது மடல் இரண்டும் சிவந்துபோகும். திரும்பி வந்து ஒரு வாரம் வண்டிக்குக் கீழேயே படுத்துக் கிடப்பான்.

வண்டி அப்பாவுடையதுதான். வெளிறிய மஞ்சள் நிற ஜிகுலி கார். கண் மங்க ஆரம்பித்ததும் அவர் அதை மருமகனிடம் கொடுத்தார். கொடுத்த மறு வருடம் அது நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் போதும், சனி பிடித்துக்கொள்ளும்.

அதோடு ஹிலோலாவுக்கும் சனி பிடித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா போன் செய்வார். "நல்லாருக்கியாம்மா? பிள்ளைங்க நல்லாருக்காங்களா? சரி, போனை மாப்பிள்ளைகிட்ட குடு." அவளுக்கு அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் நடுக்கத்துக்கு. பஹ்ரோம் எழுந்து நின்று, மாமனார் எதிரில் இருப்பதுபோலக் குனிந்த தலையோடு, "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கேட்பான். அவர் ஒவ்வொரு முறையும் ஒன்றையேதான் சொன்னார்: "காத்து எங்கேயோ திருட்டுத்தனமா உள்ள போகுது மாப்ளே." இவனும் ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டுப் போய் பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். இஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் புதிதாகப் போட்டான். காற்று எந்த இடத்தில் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமனாரை எதிர்க்கேள்வி கேட்பது மருமகனுக்கு அழகில்லையாம். 'அந்தக் குழாயைப் பாரு' என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. மருமகனை ஏவுவது மாமனாருக்கு அழகில்லையாம். இரண்டு பேருடைய மரியாதைக்கு நடுவில் இஞ்சின் நடுங்கிக்கொண்டே இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அப்பா அவளிடம் கேட்டது, "சாப்டியாம்மா?" என்று மட்டும்தான். அவள் சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் போன் கைமாறிவிட்டது. காலையிலிருந்து அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

போன் அடித்தது. ஷவ்கத்.

"எங்கடி இருக்க?"

"கணவாய்ல."

"இன்னும் கணவாய்லயா! மாப்பிள்ளை என்ன நடந்தா வர்றாரு? அஸருக்கு மேல இமாம் ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டாரு, சொல்லிட்டேன்."

அவள் போனை வைப்பதற்குள் இஞ்சின் மறுபடி நின்றது. இந்த முறை சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பஹ்ரோம் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினான். பானட்டைத் திறந்தான்.

அதுதான் பெரிய தப்பு. பானட் திறந்து கிடக்கும் வண்டியைப் பார்த்தும் நிற்காமல் போகிறவனை அந்தக் கணவாயில் மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். ஈ மொய்த்தது போல மொய்த்துவிட்டார்கள். முதலில் ஒரு லாரிக்காரர் இறங்கினார். அடுத்து, சாலையோரத்தில் உலர்தயிர் உருண்டை விற்றுக்கொண்டிருந்த ஆள் கூடையைத் தூக்கிக்கொண்டே வந்தான். அப்புறம் தொப்பை வைத்த ஒரு வாடகை வண்டிக்காரர். ஹிலோலா ஓடிப்போய் அவர் வண்டிக்குள் பார்த்தாள். பின்சீட்டில் மூன்று பேர், முன்சீட்டில் பேரனோடு ஒருவர். எள் போட்டால் எள் விழாது.

"பிளக் தம்பி, பிளக்" என்றார் லாரிக்காரர்.

"என்ன அண்ணே பிளக்கு, வால்வு எரிஞ்சு போச்சு. இஞ்சினை இறக்கணும்" என்றான் தயிர் உருண்டைக்காரன்.

"நீ உருண்டையை உருட்டு. உனக்கென்ன தெரியும் வால்வைப் பத்தி?"

"எங்க மச்சான் வண்டியும் இப்படித்தான் ஆடுச்சு அண்ணே!"

"உங்க மச்சான் வண்டி ஓட்டினா அது ஆடாம என்ன பண்ணும்?"

ஹிலோலா நடுவில் போய் நின்றாள். "அண்ணே, எங்கப்பா செத்துட்டாரு. கோகந்துல வச்சிருக்காங்க. அஸருக்குள்ள போகணும்."

சட்டென்று எல்லா வாயும் மூடிக்கொண்டது. லாரிக்காரர் இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். மற்றவர்களும் விரித்தார்கள். வாய்க்குள் ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார்கள். "நல்ல இடம் கிடைக்கட்டும் தங்கச்சி." பிறகு லாரிக்காரர் கையைப் பானட்டுக்குள் விட்டு, "அப்ப சீக்கிரம் பிளக்கைக் கழட்டு தம்பி" என்றார். தொப்பைக்காரர், "பிளக் இல்லைய்யா" என்று ஆரம்பித்தார். சாவுச் செய்தி அவர்களை இன்னும் முனைப்பாக்கிவிட்டதே தவிர, கட்சி மாறவில்லை.

வண்டியை எல்லோருமாகத் தள்ளிக் கிளப்பினார்கள். "நீ உட்கார்ந்து மிதிச்சிட்டே இரு. விடுன்னா விடு" என்று பஹ்ரோம் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தான். அவள் மிதித்தாள். திறந்த பானட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் அவன் கைகள் மட்டும் தெரிந்தன. துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தான். ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் இஞ்சின் ஒரே அளவு திணறியது. "நாலும் வேலை செய்யுது. பிளக் இல்ல, வால்வும் இல்ல" என்றான். லாரிக்காரர் முகம் தொங்கியது. தயிர் உருண்டைக்காரன், "அப்ப கார்புரேட்டர்" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"அதைத்தான் ஏழு தடவை கழுவியாச்சே!" ஹிலோலா கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "எங்கப்பா காத்து காத்துன்னு கத்திக் கத்தியே செத்தாரு. அதையாவது ஒரு தடவை பாருங்களேன். இன்னைக்காவது!"

இடுக்கில் தெரிந்த கைகள் அப்படியே நின்றன. பிறகு அந்தக் கைகள் மெதுவாக, குருடன் முகத்தைத் தடவிப் பார்ப்பது போல, ஒவ்வொரு ரப்பர் குழாயாகத் தடவிக்கொண்டு போயின.

"விடு."

அவள் காலை எடுத்தாள். நடுக்கம் ஸ்டியரிங்கில் ஏறி அவள் தாடைக்கு வந்தது. பிறகு, யாரோ தோளில் கை வைத்து 'போதும்' என்று சொன்னது போல, நின்றது. வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு கணம் இஞ்சின் அணைந்துவிட்டதோ என்று இருந்தது.

பஹ்ரோம் இஞ்சினிலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்திருந்தான். விட்டான், நடுங்கியது. நெரித்தான், அடங்கியது. குழாயின் முனையில், கிளிப்புக்குப் பக்கத்தில், அடிப்பக்கமாக ஒரு வெடிப்பு. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. விரல் போனால்தான் தெரியும்.

"காத்து" என்றார் லாரிக்காரர், ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

வெடித்த முனையைக் கத்தியால் அறுத்துவிட்டு, மிச்சக் குழாயை இழுத்துச் செருகி கிளிப்பை இறுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று வருடம் இவள் அப்பாவிடம் பேச வேண்டிய பேச்சையெல்லாம் தின்றது இந்த இரண்டு விரல்கடை ரப்பர். அதைச் சாலையோரத்தில் வீசியிருந்தார்கள். அவளுக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

பஹ்ரோம் பானட்டை மூடினான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பையிலிருந்து போனை எடுத்தான். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் 'மாமா' என்ற பெயர் வரைக்கும் போய் அங்கே நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போடுங்க. போட்டுச் சொல்லுங்க. எடுப்பாரு" என்றாள் ஹிலோலா.

சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஹ்ரோம் போனைப் பையில் வைத்தான். வண்டியில் ஏறினான். சுரங்கத்துக்குள்ளும், மறுபக்க இறக்கத்திலும், பாதாம் பூத்த தோட்டங்களைத் தாண்டும்போதும் அவன் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு இடத்தில் ஆட்டு மந்தைக்காக நிற்க வேண்டியிருந்தது. வண்டி நின்றது. இஞ்சின் நிற்கவில்லை.

கோகந்தைத் தொடும்போது பள்ளிவாசல்களில் அஸர் அழைப்பு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பஹ்ரோம் கண்மண் தெரியாமல் ஓட்டினான். ஹிலோலா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் என்ன சொல்லி அழ வேண்டும் என்று கணவாயிலிருந்தே கோத்துவைத்திருந்தாள். 'என் மலை சரிஞ்சதே, என் கூரை பறந்ததே' என்று வரிவரியாக.

தெருமுனையில் திரும்பினார்கள். வண்டி ஒன்று போனால் ஆள் ஒதுங்க இடமில்லாத தெரு அது. ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் வாய்க்கால். அந்தக் கோடியிலிருந்து பாடை வந்துகொண்டிருந்தது.

வந்துகொண்டிருந்தது என்ன, பறந்துகொண்டிருந்தது. அவர்கள் ஊரில் பாடையை மெதுவாகத் தூக்குவதில்லை. தோளுக்குத் தோள் மாற்றி, ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோவார்கள். நீள அங்கியும் இடுப்பில் கட்டிய துணியுமாக ஒரு கூட்டமே அதன் கீழே ஓடி வந்தது. முன்னால் ஷவ்கத்.

"போச்சு" என்று ஹிலோலா கதவைத் திறந்தாள். ஒரு கால் இன்னும் உள்ளே இருக்கும்போதே இஞ்சின் அணைந்தது. எப்போதும் போல உதறக்கூட இல்லை. சட்டென்று அடங்கியது, தெருவின் வாயை அடைத்துக்கொண்டு.

"அடப்பாவி! சரி பண்ணிட்டேன்னீங்களே!" அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தும் கொண்டாள்.

"வண்டியை எடு மாப்ளே!" ஷவ்கத் தோளில் கட்டையோடு கத்தினான்.

"ஸ்டார்ட் ஆகல மச்சான்." பஹ்ரோம் இறங்கிப் பானட்டைத் திறந்தான்.

பாடை வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. பின்னால் வந்த கூட்டம் அதன்மேல் முட்டி நின்றது. பிறகு பாடையின் இரண்டாவது கட்டையைத் தாங்கியிருந்தவர் எட்டிப் பார்த்து, "பேட்டரியா?" என்றார்.

"பிளக்கா இருக்கும்."

"கியர்ல கிடக்கு போல. தள்ளினா நகரல பாரு."

"எர்காஷ் கடைசி வரைக்கும் இந்த வண்டிக்குத்தான் வைத்தியம் சொல்லிட்டிருந்தாரு. அது அவருக்கே வழி விட மாட்டேங்குது" என்றார் மல்பெரி மரத்தடிக் கிழவர்களில் ஒருவர். எங்கேயோ ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். பஹ்ரோம் பானட்டுக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்தான். அவன் காது மடல் இரண்டும் பழுத்த மாதுளை நிறத்தில் இருந்தன. இனி இந்தத் தெரு உள்ள வரைக்கும் இந்தக் கதையும் இருக்கும்.

"மய்யித்தை வழியில நிறுத்தக் கூடாது" என்றார் இமாம்.

"நிறுத்தல அசரத், நின்னு போச்சு" என்றான் ஷவ்கத். அப்போதுதான் அவன் கண்ணில் ஹிலோலா பட்டாள். ஒரு செருப்பு வண்டிக்குள், ஒரு செருப்பு காலில். அவன் இமாமைப் பார்த்தான். இமாம் வண்டியைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நின்னதுதான் நின்னுது. சீக்கிரம்" என்றார்.

பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த மரக்கட்டிலை இழுத்து வந்தார்கள். பாடையை அதன்மேல் இறக்கினார்கள். மேலே போர்த்தியிருந்த வெல்வெட்டைத் தள்ளி, ஷவ்கத் தலைமாட்டில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தான்.

அப்பாவின் முகம் சின்னதாக இருந்தது. மீசையை யாரோ கத்தரித்துவிட்டிருந்தார்கள், ஒரு பக்கம் கொஞ்சம் கூட. தாடைக்குக் கீழே கட்டியிருந்த துணியால் ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டவர் போல இருந்தார். ஹிலோலா கோத்துவைத்திருந்த மலையும் கூரையும் எங்கே போயினவோ தெரியவில்லை. அவள் குனிந்து அவர் காதருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"காத்துதான்பா. நீங்க சொன்னதுதான். பிரேக் குழாய் அடியில வெடிச்சிருந்துச்சு. அறுத்துச் சரி பண்ணிட்டாரு."

பின்னால் வண்டி செத்துக் கிடக்கும்போது இதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். "நான் சாப்டேன்பா" என்றும் சொன்னாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தால் நிற்கிற அழுகையா அது. பெண்கள் ஓடிவந்து தோளைப் பிடித்து விலக்கினார்கள். ஷவ்கத் முடிச்சைக் கட்டினான்.

பஹ்ரோம் உள்ளே கைவிட்டுக் கியரை எடுத்தான். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வண்டியை முனை வரை பின்னுக்குத் தள்ளிச் சுவரோரம் சாய்த்தார்கள். பாடை எழுந்தது. பஹ்ரோம் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான். கிரீஸ் கையை அங்கியில் துடைத்துக்கொண்டே, பாடைக்குக் கீழே தோள் கொடுக்க இடம் தேடி, இரண்டு பேரை இடித்துத் தள்ளி உள்ளே நுழைந்தான். இடிபட்டவர்களில் ஒருவன் ஏதோ திட்டினான். தெரு முனையில் எல்லோரும் மறைந்தார்கள்.

பெண்கள் வீட்டுக்குள் போனார்கள். அழுகைச் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. யாரோ ஒரு பெண் ஹிலோலாவின் கையில் ஒரு கோப்பைத் தண்ணீரைத் திணித்துவிட்டுப் போயிருந்தாள். அவள் மற்றச் செருப்பை எடுக்க வண்டிக்குப் போனாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கோப்பையை முன்னால் வைத்துவிட்டு, குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். சாவி அப்படியே தொங்கியது. சனியன் பிடித்த வண்டி, இன்னும் இரண்டு நொடி முன்னால் நின்றிருந்தால் என்ன, பின்னால் நின்றிருந்தால் என்ன, சரியாகத் தெரு வாயில்தானா நிற்க வேண்டும். கோபத்தில் சாவியைத் திருகினாள்.

பாதித் திருகலிலேயே பிடித்துக்கொண்டது.

அவள் காலால் எதையும் மிதிக்கவில்லை. இஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எதிரே இருந்த கோப்பையில் தண்ணீர் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஸ்டார்ட் ஆகல' என்று சொல்லி இறங்கியவன் சாவியைத் திருகவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பிறகு சாவியைத் திருப்பி அணைத்தாள்.

அவளைத் தேடிக்கொண்டு அத்தை வந்தாள்.

"என்னடி சத்தம் கேட்டுச்சு? ஓடுதா அது?"

"இல்லத்தே" என்றாள் ஹிலோலா. "ஓடல. ஆம்பளைங்க வந்து பார்க்கட்டும்."

சாவியை உருவி அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கோப்பைத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வீட்டுக்குள் போனாள்.